கடைசிப் பையன் வீட்டில் இருக்கிறான்

அன்பு மகன் மிர்சாபெக்குக்கு,

நம் மலையூர் நாரினிலிருந்து அப்பா எழுதுவது. மாஸ்கோவில் நீயும் மருமகளும் சுகமா? இங்கே நானும் கிழட்டுக் குதிரையும் இருக்கிறோம். போனில் உன் குரலைக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் வாயில் வரும். அதனால்தான் கடிதம்.

வயிற்றுவலிக்காக தலைநகர் பிஷ்கெக் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்து வீட்டு தோக்தோசுன், என் தம்பி என்று சொல்லிக்கொண்டு கூட வந்தான். நம் வழக்கப்படி முடிவை நோயாளி என்னிடம் சொல்லாமல், அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். வெளியே வந்தவன், "ஒண்ணுமில்லண்ணே, குடல்ல சின்னப் புண்ணு. எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றான். அன்றிலிருந்து சீட்டாட்டத்தில் என்னிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான். ஏமாற்றியாவது ஜெயிக்கிற அந்தத் திருட்டுப்பயல் என்றைக்கு என்னிடம் தோற்றிருக்கிறான்? புற்றுநோய்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவன் மனசு நோகக்கூடாதென்று நானும் தெரியாதது போல ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா என்று டாக்டரம்மா சோதித்தாள். கையூன்றாமல் எழுந்து சுவர்வரை நடந்து திரும்பச் சொன்னாள். அவள் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கக் கடிகாரம் வரையச் சொன்னாள். சந்தையில் எத்தனை குதிரைகளை நானே இப்படி நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறேன்! "பல்லையும் பாத்துடும்மா, வெலையப் பேசிடலாம்" என்றேன். சிரித்துவிட்டாள்.

பிறகு, "நெஞ்சும் காலும் தாங்கும் ஐயா. ஆனா அதுக்கப்புறம் படுத்தே கெடந்தா அதுதான் ஆபத்து. தெனமும் எழுப்பி நடக்கவைக்க, சூப்பு காய்ச்சிக் குடுக்க வீட்ல யாரு இருக்கா? ஆளில்லன்னா நான் கத்தியத் தொடமாட்டேன்" என்றாள்.

யாருமில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கடைசிப் பையன் இருக்கான்" என்று உன்னைச் சொல்லிவிட்டேன். அவளும் நம் ஊர்ப் பெண்தானே. கடைசி மகன் அப்பன் வீட்டில்தான் இருப்பான் என்று மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முதல் பனி விழுவதற்குள் செய்துவிடலாம் என்று நாள் குறித்துவிட்டாள்.

பயமாக இருக்கிறது, மகனே. கத்திக்கு அல்ல. கண் திறக்கும்போது பக்கத்தில் நம் முகம் ஒன்றும் இருக்காதே என்றுதான். பேச்சுத்துணைக்கு இப்போது குதிரை மட்டும்தான். சொன்னதையே சொல்கிறேன் போலிருக்கிறது, அதுவும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

உன் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியும். விட்டுவிட்டு வா என்று எழுதமாட்டேன். இரண்டு கையையும் ஏந்தி ஆசி மட்டும் சொல்கிறேன். உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும். எல்லையில் யாரும் உன்னை மறிக்காதிருக்கட்டும். மலைப்பாதையில் உன் வண்டி நிற்காமல் ஓடட்டும். டாக்டரம்மாவிடம் நான் சொன்னது பொய்யாகாதிருக்கட்டும். ஆமீன்.

உன் அப்பா,
ஜுமாகதிர்