ஒரு கட்டுத் தூக்கம்

இன்று காலை நீ தைத்துக் கொடுத்த தலையணை பிரிந்துவிட்டது. உறையைக் கழற்றி வெயிலில் போடலாம் என்று எடுத்தேன். ஓரத் தையல் விட்டுப்போய், உள்ளே அடைத்திருந்த பனியன் வேஸ்ட் எல்லாம் வாசலில் கொட்டியது. இத்தனை வருடம் கழித்தும் அதில் மிசின் எண்ணெய் வாசம் லேசாக இருக்கிறது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது உன் ஞாபகம் இல்லை, கோபம்தான். உன் ஞாபகம் அதற்குப் பின்னால் வந்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மகள் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அங்கே கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து வகுப்பு எடுத்தாராம். மத்தியானம் கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் மூளை தெளியும், வேலை நன்றாக ஓடும் என்றாராம். எல்லாரும் கைதட்டினார்களாம். சாய்ந்து படுக்க நாற்காலிகூட வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். நான் கேட்டேன், "பிசிறு வெட்டற பொம்பளைங்களுக்குமா?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவங்களுக்கு புரொடக்‌ஷன் இருக்குதேம்மா" என்றாள். நீ இருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது மழை பொய்த்து அணையெல்லாம் வற்றிக் கிடந்த காலம். கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நம் கம்பெனியில் நிட்டிங் மிசின் நின்றதும் ஆண்கள் நேராக வேஸ்ட் குவியலுக்குப் போவார்கள். மெத்தை மாதிரி இருக்கும் அது. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தால் அடுத்த நிமிடம் குறட்டை. மேஸ்திரி ஒன்றும் சொல்லமாட்டார். மிசின் ஓடாதபோது மிசின்காரன் என்ன செய்வான், பாவம். பிசிறு வெட்டிக்கொண்டிருந்த நாமும் எழுந்து கையை உதறினோம் ஒருநாள். அவர் நம்மைப் பார்த்துக் கேட்டார், "ஏம்புள்ளைகளா, கத்திரிக்கு எதுக்குக் கரண்டு?"

நியாயம்தான். கத்திரிக்குக் கரண்ட் வேண்டாம். நாம் திரும்ப உட்கார்ந்து பனியனைப் பிடித்து, தொங்கும் நூல் நூலாக வெட்டினோம்.

உனக்குத்தான் எங்கள் எல்லாரையும்விடத் தூக்கம் தேவையாக இருந்தது. அவிநாசிபாளையம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். கோழி கூவுமுன் எழுந்து பால் கறந்து, மாமியாருக்குக் களி கிண்டி வைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவாய். ராத்திரி பிள்ளை தூங்கவிடாது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய், திட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்ற நாட்கள் உண்டு. உன் கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல இருக்கும்.

அந்த யோசனை உனக்குத்தான் வந்தது. மேஸ்திரி வாசல் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் துணி மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவர் நம்மைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்ப்பார். கத்திரிச் சத்தம் விடாமல் கேட்டால் போதும், வேலை நடக்கிறது என்று இருந்துவிடுவார். நீ இதைக் கண்டுபிடித்துச் சொன்னாய். "ஏ புள்ள, ஒருத்தி கை நின்னா அந்தாளுக்குத் தெரியவா போவுது? நாம கொஞ்சம் வேகமா வெட்டுனாப் போச்சு."

அப்படித்தான் தொடங்கியது. வட்டமாக உட்கார்வோம். ஒருத்தி மூட்டையில் சாய்ந்துகொள்வாள். மடியில் பனியன், கையில் கத்திரி, தலை லேசாகக் குனிந்திருக்கும். மற்றவர்கள் அவள் பங்கையும் வெட்டுவோம். ஒரு டஜன் சேர்ந்து கட்டுப் போட்டால் அவள் முறை முடிந்தது, அடுத்தவள் சாய்வாள். ஒரு கட்டுத் தூக்கம் என்று நீதான் பெயர் வைத்தாய். எத்தனை நிமிடம் என்று நாம் கடிகாரம் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தூக்கம் முடிந்து எழுந்தால் மூஞ்சி கழுவினாற்போல இருக்கும். சாயங்காலம் வரை கை தளராது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசி முறையை நீ எடுத்துக்கொள்வாய். சில நாள் அதற்குள் கரண்ட் வந்துவிடும். "நாளைக்குப் பாத்துக்கலாம் போ" என்பாய்.

நீ தூங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கண்ணை மூடினால் தூக்கம். கோழித்தூக்கம் என்பார்களே, அதேதான். யாரும் தொட்டு எழுப்ப வேண்டாம். கட்டைச் சுற்றி நூல் கயிற்றைப் போட்டு வெடுக்கென்று இழுத்து முடிச்சுப் போடுவோம் அல்லவா, அந்தச் சத்தத்துக்குக் கண் திறப்பாய். எழுந்ததும் கத்திரி ஓடும், நடுவில் தூங்கினதே இல்லை என்பது போல.

அந்த நாளைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

அன்று அதிசயமாகக் கரண்ட் நெடுநேரம் வரவில்லை. உன் முறை வந்தது. நீ சாய்ந்தாய். ராத்திரி முழுக்கப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே சொல்லியிருந்தாய். நாங்கள் உனக்காகக் கொஞ்சம் வேகமாகவே வெட்டினோம். அதுதான் வினை. வேஸ்ட் குவியலில் படுத்திருந்த மிசின்காரர் ஒருவர் துண்டை விலக்கிக்கொண்டு எழுந்து, மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினார். "ஏனுங், இந்தப் பொம்பளைங்க கடக்கு கடக்குன்னு உசுர வாங்கறாங்க. மனுசன் செத்த நேரம் கண்ணசர வேண்டாமுங்களா?"

மேஸ்திரி நம்மை மெதுவாக வெட்டச் சொல்ல எழுந்து வந்தார். துணி அழுக்காகும் என்று அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. அவர் வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. மூட்டைக்கு இந்தப் பக்கம் வந்தவர், நீ தூங்குவதைப் பார்த்துவிட்டார்.

உன்னை அன்றே போகச் சொன்னார். "பொம்பளை கம்பெனில தூங்கறது நல்லாவா இருக்குது?" என்று ஒரே கேள்வி. நீ அழவில்லை. "ஏனுங், அவரு தூக்கம் கெட்டதுக்கு என்னைய அனுப்பறீங்களா?" என்று கேட்டாய். அவர் வாசல் பக்கம் கையை நீட்டினார். நீ மடியில் இருந்த பனியனை மடித்து வைத்து, அரைகுறையாகக் கிடந்த கட்டை முடித்து, கத்திரியை அதன் மேல் வைத்தாய். போகிற வழியில் அந்த மிசின்காரர் பக்கம் நின்று சொன்னாய். "நீங்க தூங்குங்ணா. இனிச் சத்தம் வராது."

அவர் தூங்கினார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பவும் தூங்கினார்.

மறுநாள் கரண்ட் போனதும் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. பனியனைக் கீழே வைத்துவிட்டு, வெறும் காற்றில் கத்திரியை அடித்தோம். எல்லாரும் சேர்ந்து, நிறுத்தாமல். குவியலில் புரண்டு புரண்டு படுத்தார்கள். திட்டினார்கள். "வேலைதானுங்ணா செய்யறோம்" என்றோம். சில நாள் இப்படி ஓடியது. கடைசியில் மேஸ்திரி முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, கரண்ட் இல்லாத நேரத்தில் பெண்களும் கத்திரியைக் கீழே வைக்கலாம் என்றார். எங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை, மிசின்காரர்கள் தூக்கம் கெடக்கூடாது என்று. எப்படி வந்தாலும் ஓய்வு ஓய்வுதானே என்று எல்லாரும் சாய்ந்தோம். நீ சாயும் மூட்டையில் அன்று யாரும் சாயவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உன் ஊருக்கு வந்தேன். மேஸ்திரி கைகாலைப் பிடித்தாவது உன்னைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று நம்பிக்கொண்டு வந்தேன். உன் மாமியார் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "கம்பெனில படுத்துத் தூங்குனவள மறுபடி அனுப்பச் சொல்றயா கண்ணு? ஊரு சிரிச்சது பத்தாதா?" என்றார். நீ தூங்கியது உட்கார்ந்துகொண்டு. செய்தி அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் உன்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் கட்டிலில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள், அவர் உடைத்தாலும் மண்குடம்தான். பொன்குடமெல்லாம் உன் கையில் மட்டுமே உடையும்.

பிறகு உனக்குக் காட்டு வேலை. பருத்தி எடுக்கப் போனாய், புகையிலைக் காட்டுக்குப் போனாய். சந்தையில் பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கறுத்திருப்பாய். என் கல்யாணத்துக்கு இந்தத் தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தாய். கூட்டித் தள்ளும் வேஸ்ட்டை நான் பையில் போட்டு உனக்குக் கொண்டுவந்து தருவேனே, அதில் தைத்தது. "நீயாவது தலையக் கீழ வெச்சுத் தூங்கு புள்ள" என்றாய்.

கடைசியில் ஒரு ராத்திரி உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நர்ஸ் மாத்திரை கொடுத்து, நன்றாகத் தூங்குங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் எல்லாரும் தூங்கு தூங்குங்கறாங்க. வரமாட்டேங்குது புள்ள" என்றாய். எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

உன் வீட்டு வாசலில் உன்னை நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பட்டப்பகல். நீ பகலில் படுத்து நான் பார்த்தது அன்றுதான். ஊரே நின்றது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாடையில் வைத்துக் கயிற்றைப் போட்டு வெடுக்கென்று இழுத்து முடிச்சுப் போட்டார்கள். நான் உன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பகலில் படுத்தால் இன்றும் தூக்கம் வராது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் வரும். சற்று முன்தான் வேஸ்ட்டையெல்லாம் பொறுக்கி அடைத்துத் தலையணையைத் தைத்து முடித்தேன். கடைசி முடிச்சைச் சத்தம் வராமல் மெதுவாகப் போட்டேன்.