பிரெஞ்சுச் சாமியாரும் டேனிஷ் ஐயரும்

நைனார்பாளையம்

அன்புள்ள ஷீபா அக்காவுக்கு,

மியூனிக் மாநகரத்து நர்ஸம்மாவுக்கு முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு: காணாமல்போன நம் வீட்டு மிக்ஸி மூடி, அரிசி டிரம்முக்குள் நல்ல உடல்நலத்துடன் கண்டெடுக்கப்பட்டது. மற்றவர்களும் அதைப்போலவே சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுவதாக அம்மா சொல்கிறாள். கையில் எண்ணெய் தெறித்துவிட்டதால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன், நடுநடுவே என் சரக்கும் வரும்.

அருள்மொழியைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா சோற்றுத் தட்டோடு மட்டும்தான் பேசினார். சங்கராபுரத்துப் பையன், ஹாம்பர்க்கில் உன்னைப் போலவே நர்ஸ், ஒரு குறையும் இல்லை, ஆனால் நம்மைப்போல் கத்தோலிக்கம் இல்லை, லுத்தரன். பூசை கெடையாது, மாதா கெடையாது, சாமியாரப் போயி ஐயர்னு கூப்புடுறாங்க, அந்த வூட்டுக்கா என் பொண்ணு என்று அந்தத் தட்டிடமே ஒரே கூச்சல், அம்மா அழுதே விட்டாள். அப்போதுதான் நான் வரலாற்றுப் புத்தகத்தோடு இறங்கினேன். அப்பா, ஜெர்மனியில் அந்தக் காலத்தில் பிரபு எந்தப் பக்கமோ சனங்களும் அந்தப் பக்கம், பவேரியாப் பிரபு ரோமோடு நின்றார், அக்கா இருக்கும் ஊர் கத்தோலிக்கம், ஹாம்பர்க் நகரசபை லுத்தர் பக்கம் சாய்ந்தது, டென்மார்க்கில் ராஜா மாறினார் நாடே மாறியது, குடியானவனை யார் கேட்டார்கள், இங்கேயும் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுச் சாமியார் முந்திக்கொண்ட ஊர் நம்மைப்போல ஆர்சி, டேனிஷ் ஐயர் முந்திக்கொண்ட ஊர் லுத்தரன், அந்த டேனிஷ்காரர்கள் கல்வராயன் மலைக்கே ஏறியவர்கள், நம் ஊருக்கு முதலில் வந்திருந்தால் நீங்களும் இன்றைக்கு ஐயருக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று விளாசினேன். அப்பா கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அடுத்த வாரமே சம்மதம்! ஐந்நூறு வருஷச் சண்டையை ஒற்றை ஆளாகத் தீர்த்துவைத்திருக்கிறேன், அருள்மொழி மாமாவிடம் சொல்லி வை.

ஆயர் அனுமதி கொடுத்தால் நம் கோயிலிலேயே தாலி கட்டலாம் என்று சாமியார் சொல்லிவிட்டார், அதனால் இரண்டு பேரும் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள், மாப்பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழை மறக்க வேண்டாம், டூட்டி என்று வயிற்றைக் காயப்போடாதே என்கிறாள் அம்மா. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா அமிர்தம்
(எழுதிய கை: ஜெரின்)

பின்குறிப்பு: படித்துக் காட்டியதும் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்து, உண்மைய எழுதுடா என்கிறாள். சரி, என் சொற்பொழிவின் பாதியிலேயே அப்பா குறட்டை விட்டுவிட்டார். அப்புறம், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் சங்கராபுரம் போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே குடும்ப ஜெபம், மாமாவின் அம்மா கிரேஸ், எங்க ஷீபா பாப்பாவுக்கு நைட் டூட்டி, தொணையா இரு ஆண்டவரேன்னு கேட்டுக்கொண்டிருந்தாராம். நம்ம புள்ள பேரச் சொல்லி அழுதுக்கினு இருக்காங்கடி, எப்படி வேணாம்னு சொல்றது, டீ குடிச்சிட்டு வந்துட்டேன் என்று அம்மாவிடம் சொன்னார்.