உனக்கு உரை எழுத விடமாட்டேன், மயூரி

என்ர குஞ்சு மயூரிக்கு,

நீ போய் இருபத்தாறு நாள். இந்தச் சுவிஸ் பேர்ணில் இன்றைக்கும் மழை. கொம்மா, என்ர மகள், எழும்பித் தேத்தண்ணி வைக்கிறாள், குடிக்க மறந்துபோகிறாள்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற கல்வெட்டை, உன்ர நினைவுப் புத்தகத்தை, உன்ர பெரியமாமா நேற்று எழுதிக்கொண்டு வந்து வாசித்தான். 'பெரியோர் சொல் தட்டாதவள். மேற்படிப்புக்காக வின்டர்தூர் சென்று தங்கினாள். திருமணக் கனவுகளோடு இருக்கையில் காலன் கவர்ந்தான்.' நல்ல தமிழ்தான். உன்ர படத்துக்குக் கீழே ஆரோ ஒரு பிள்ளையின் கதை. உன்ர பட்டமளிப்புக்கு வர நேரமில்லாதவன் இதுக்கு நேரம் கண்டான். அதையும் நான் மறக்கவில்லை.

கேட்கக் கேட்க உன்ர சீனத்துக் கதைதான் ஞாபகம் வந்தது. போன மாரியில் குசினியில் நான் வெங்காயம் உரிக்க, நீ உன்ர ஆராய்ச்சியைச் சொன்னாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், ஆனால் ஒரு சொல்லும் மறக்கவில்லை. தாவோக்காரரின் பழைய நூல், சடங்கும் முறையும் பேசுகிறவர்களை நக்கலடிக்கிறது. பிறகு அதுக்கு உரை எழுதினவர்களில் கனபேர் கன்பூசியஸ் வழியில் படித்தவர்கள். அரசனுக்குப் பணி, தகப்பனுக்கு அடங்கு என்று வளர்ந்தவர்கள். நூல் முறையை எறி என்றால், 'பொய்யான முறையைத்தான் எறியச் சொல்லுது' என்று கீழே எழுதிவிடுவார்களாம்.

“அப்ப களவாணிகளோ?” என்று கேட்டேன்.

“இல்லை அம்மம்மா. அவைக்கு அந்தப் புத்தகத்தில சரியான விருப்பம். வீட்டுக்கு வெளியில விட மனமில்லை. அதுதான் கைகால் கழுவி உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவை.”

“எனக்கு அவையைத்தான் பிடிச்சிருக்கு. பெரியாக்களுக்கு மரியாதை தெரிஞ்ச சனம்.”

“தெரியுமே! நீங்கள் அங்க பிறந்திருந்தால் அரைவாசி உரை நீங்கள்தான் எழுதியிருப்பியள்.”

அப்படிச் சிரித்தவளை இரண்டு மாதத்தில் நானே துரத்தினேன். படிப்புக்கோ நீ வின்டர்தூர் போனாய்? கொப்பர் கொண்டுவந்த சம்பந்தத்தை வேண்டாமென்றாய். கொப்பர் இல்லை, நான்தான், “படிச்ச திமிர். சொல் கேளாதவளுக்கு இந்த வீட்டில சோறில்லை” என்றேன். நீ இரண்டு பையோடு படியிறங்கினாய். பிறகு நான் போன் எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. ஆர் முதலில் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எடுத்தது ஆஸ்பத்திரி. உன்ர மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள்.

கல்வெட்டில் இன்னொரு வரியும் இருந்தது. 'அம்மம்மாவோடு தினமும் தொலைபேசியில் உரையாடி மகிழ்ந்தாள்.' அது மாமா கட்டினது இல்லை, பிள்ளை. செத்தவீட்டில் சனம் கேட்க, என்ர வாயால் வந்த பொய். உனக்கு முதல் உரை எழுதினவள் நான்தான்.

பேனையை வாங்கி முதலில் அந்த வரியை வெட்டினேன். மற்றதையும் வெட்டப் போக, அவன் தாளைப் பறித்துக்கொண்டான்.

“என்னம்மா விசரே? செத்த பிள்ளையைப் பற்றி நல்லதுதானே எழுதோணும். சனம் என்ன கதைக்கும்?”

“அவள் நல்ல பிள்ளைதான்ரா. சொல் கேட்ட பிள்ளை இல்லை.”

கோபித்துக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறானாம். எந்த வரி மிஞ்சுமோ தெரியாது. அவனுக்கும் உன்னில் விருப்பம்தானோ? எனக்கு இருந்தது விருப்பமோ, பயமோ?

அவன் எதையும் அச்சடிக்கட்டும். முப்பத்தோராம் நாள் மண்டப வாசலில் நான் நிற்பேன். கல்வெட்டைக் கையில் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவேன்: அவள் என்னோடு கோபமாய்த்தான் போனவள். பிழை என்னில்.

உன்ர பிடிவாதத்தை உனக்குத் தந்த,
அம்மம்மா