நடக்காத என் கல்யாணம்

20 ஜனவரி 2025, ஹட் பே, அந்தமான்

போர்ட் பிளேர் சைக்கிள் செலக்‌ஷனுக்குப் போகிறவர்கள் பட்டியலில் நேற்றுவரை முதல் பெயர் என்னுடையது. இன்று பி.டி. சார் அதை அடித்துவிட்டார்.

“உனக்குத்தான் ஷாதி ஆகப்போகுதே, இனி சைக்கிள் எதுக்கு?” என்று இந்தியில் சிரித்தார்.

ஷாதியா? கல்யாணமா? ஒன்பதாம் வகுப்பு படிக்கிற எனக்கா?

21 ஜனவரி

எல்லாம் கப்பல் ஜெட்டியில் அப்பா கட்டிய பிளெக்ஸால் வந்தது. பட்டுச்சேலை, மாலை, நெற்றிச்சுட்டியோடு நான். வயசுக்கு வந்ததற்குச் சடங்காம். கட்டாதீங்க என்று எவ்வளவு கத்தினேன்! “மாமா மெயின்லேண்டுலருந்து கப்பல் ஏறி வர்றாரு, ஊரே பாக்கட்டும்” என்றார். தமிழ் படிக்கத் தெரியாத சாரும் பார்த்துவிட்டார்.

கல்யாணமில்லை சார் என்று போய்ச் சொன்னேன். “எல்லாம் ஒண்ணுதான். தமிழ்க்காரங்க வீட்டுப் பொண்ணுங்க இன்னைக்குச் சடங்கு, நாளைக்கு ஷாதி. நீ குரூப் டான்ஸ்ல நில்லு” என்றார்.

22 ஜனவரி

விடமாட்டேன். அந்தாளை விடவே மாட்டேன்.

24 ஜனவரி

“சார்கிட்ட வாய் காட்டாதடி, நம்ம பேரு கெட்டுரும்” என்கிறாள் அம்மா. எம் பேர அடிச்சவர நான் கும்பிடணுமா?

ஒன்று தோன்றியது. பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பதினாலு வயசுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று நம்பியவர் ஏன் அந்த எண்ணுக்குப் போன் போடவில்லை? இதை எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறேன்.

28 ஜனவரி

கேட்டேன்! பிரின்சிபல் மேடம் அறையில், அப்பாவும் இருக்கும்போதே.

சார் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மேடம் பழைய பட்டியல்களை எடுத்துவரச் சொன்னார். மூன்று பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றும் நம் தமிழ்ப் பெண்கள். பக்கத்தில் சாரின் கையெழுத்தில் ‘ஷாதி’. அதில் ஒருத்தி விசாலாட்சி அக்கா. இரட்டைச் சடையோடு மாடியில் ப்ளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்!

மேடம் கூப்பிட்டார். “உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” அக்கா திருதிருவென்று முழித்தாள். சார் முகம் செத்துப்போனது. ஐயோ, எனக்கு என்ன சந்தோஷம்! வேணும் அவருக்கு, நல்லா வேணும்.

அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என் மக போவா மேடம்” என்றார்.

5 பிப்ரவரி, கப்பலில்

சைக்கிளை சாரே ஜெட்டிவரை தூக்கிவந்தார். “மாஃப் கரோ, பேட்டி” என்றார், மெதுவாக. மகள் என்று கூப்பிட்டு மன்னிப்பு!

வழியனுப்ப விசாலாட்சி அக்கா வந்திருந்தாள். அவளுக்கு வயது தாண்டிவிட்டது, இனி இந்தப் பிரிவில் சேர்க்க மாட்டார்களாம்.

“முதல்ல அக்காகிட்ட மன்னிப்பு கேளுங்க சார்” என்றேன்.

கேட்டார். அக்கா குனிந்து, என் டயரில் காற்று போதுமா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.