மூன்றாம் பக்கத்தில் அடித்த பத்தி

அன்பு மகளுக்கு,

"படிச்சீங்களாப்பா, இல்ல திருத்த மட்டும் செஞ்சீங்களா?" என்று போனில் கேட்டாய். ரெண்டும் ஒண்ணுதானேம்மா என்றேன். நீ வைத்துவிட்டாய். ஏழு வாரம் ஆகிறது. நான் அழைக்கும்போதெல்லாம் மணி அடித்து ஓய்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அடுத்த தெருவிலிருந்து உன் அத்தை தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது. அம்மாவின் புடவைகளை என்ன செய்வது என்று அத்தை கேட்டாள். நீ சொல்லும்வரை பீரோவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா போனதற்கு அழுதாயா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இல்லை. "கல்லாட்டம் உக்காந்திருக்கியேடா, ஒரு சொட்டு விட்டா கொறஞ்சா போயிடுவ" என்று அத்தை ஏசினாள். அவளுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. அப்போது கிள்ளிப்பார்த்தால், கிள்ளுவது கைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. அவள், "உன் உதாரணத்துல தீய வைக்க" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போனாள்.

அவள்தான் என்னை வீட்டைவிட்டுக் கிளப்பியது. நான் வேலை பார்த்த பள்ளியில் கோடை விடுமுறைக்கு மூன்று வாரக் கலை முகாம் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருபத்திரண்டு பிள்ளைகள். காலையில் ஓவியமும் நாடகமும், பிற்பகலில் வரலாறும் எழுத்தும். எழுத்துக்கு வர வேண்டியவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார், தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "செவுத்தப் பாத்தது போதும், போய்ப் பிள்ளைங்க மூஞ்சியப் பாரு" என்று அத்தை சட்டையை இஸ்திரி போட்டே கொடுத்துவிட்டாள்.

நூலகத்து மாடி அறை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். முட்டிக்காக எனக்கு மட்டும் நாற்காலி. முகாமுக்கு ஒரு சட்டம் உண்டு. மதிப்பெண் கிடையாது, திருத்தம் கிடையாது. எழுதியவர் உரக்க வாசிக்க வேண்டும். கேட்டவர்கள் எந்த வரி மனதில் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். நாடகம் சொல்லித்தரும் பெண் வகுத்த சட்டம் இது. உன் வயதுதான் இருக்கும்.

முதல் நாளே தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழக்க தோஷம், அத்தனையையும் திருத்திக்கொண்டு போனேன். "சார், இது என் கதையா உங்க கதையா? என்னவிட நீங்கதான் ஜாஸ்தி எழுதியிருக்கீங்க" என்று ஒரு பையன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தாளெல்லாம் சிவப்புக் கோடாக இருந்ததால், அன்றிலிருந்து என் பெயர் கோட்டுச் சாமி. நாடகப் பெண் என் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, முகாம் முடிந்ததும் தருவதாகவும், வேண்டுமானால் ரசீது எழுதித் தருவதாகவும் சொன்னாள்.

இரண்டாவது வாரம், வீட்டில் கேட்கும் ஏதாவது ஒரு சத்தத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். அதுவரை வாயே திறக்காத பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அரைப் பக்கம் வாசித்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு வரி சொன்னார்கள். "உங்களுக்கு எந்த வரி சார்?" என்று என் பக்கம் திரும்பினாள்.

எனக்கு ஒரு வரியும் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வாக்கியம் நீளம், ஓரிடத்தில் சொன்னதையே சொல்கிறாள். அது தெரிந்தது. என்ன சொன்னாள் என்பது தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவன், தெரியலையேம்மா என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல சார், இன்னொரு தடவ வாசிக்கிறேன்" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இந்த முறை கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டாராம்; அம்மா இன்றைக்கும் சாப்பாட்டுக்கு நான்கு தட்டு எடுக்கிறாளாம். பிறகு நான்காவதை மட்டும் சத்தம் வராமல் அடுக்கில் திரும்ப வைக்கிறாளாம். வராத அந்தச் சத்தம்தான் தனக்குக் கேட்கிறது என்று எழுதியிருந்தாள். அந்த வரிதாம்மா என்றேன். தலையாட்டிவிட்டுத் தாளை மடித்தாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் உன் கடிதத்தை நினைத்தேன். அம்மா போன பதினெட்டாம் நாள் அது வந்தது. நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதும் கடிதங்களை நான் திருத்தி அனுப்புவதும், நீ அதைத் தோழிகளிடம் காட்டிச் சிரிப்பதும் நம் வீட்டு வழக்கமாக இருந்தது. அன்றைக்கும் கை அந்த வேலையைச் செய்தது. அடியில் 'நன்று. இன்னும் சுருக்கலாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையிலிட்டு உனக்கே அனுப்பிவிட்டேன். நான்கு பக்கம். எங்கெங்கே கோடு போட்டேன் என்று இன்றும் சொல்வேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியை முழுதாக அடித்தேன். அதில் நீ என்ன எழுதியிருந்தாய் என்பது நினைவில் இல்லை. நான்கு நாளாக யோசிக்கிறேன். அம்மாவைப் பற்றியதா, என்னைப் பற்றியதா, அதுகூடத் தெரியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதலாம். அதையும் கையே எழுதிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முகாம் வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குப் பிறகு நான் நாள் முழுதும் வீட்டில்தான் இருப்பேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

அந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருந்தால் நியாயம்தான். அப்படியானால் நினைவில் இருப்பதைச் சொன்னால் போதும். வைத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தோதான நேரத்தில் போன் செய். நலமா என்று கேட்க வேண்டாம். நான் எடுத்ததும், அடித்த அந்தப் பத்தியை வாசி.

உன் அப்பா