ஒன்றுவிட்ட அண்ணா

மார்ச் 4, செவ்வாய்
காலை முழுக்க உறைமழை. பஸ் இருபது நிமிடம் பிந்தியது. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் லீவு. எல்லாம் என் தலையில்.

சாப்பாட்டு நேரத்தில் ஈமெயில். என் பி.ஆர்., அதுதான் கனடா நிரந்தர வதிவிட விண்ணப்பம் பற்றி. கூடப்பிறந்தது ஒரு தங்கை மட்டும் என்று இப்போது எழுதியிருக்கிறேனாம். ஆறு வருடத்துக்கு முன் விசிட் விசாவுக்கு 'ரொறொன்ரோவில் பிரதர்' என்று எழுதியிருக்கிறேனாம். எது பொய்? முப்பது நாளில் விளக்கம் வேண்டுமாம்.

பொய்யே இல்லை. ரெஜி அண்ணா பெரியம்மாவின் மகன். ஒரே வீட்டில் வளர்ந்தோம். 'ஒன்றுவிட்ட' என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. படிவத்திலும் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். மடைச்சி.

பி.ஆர். கிடைத்தால்தான் இவரும் மகளும் மன்னாரிலிருந்து வரலாம்.

மார்ச் 7, வெள்ளி
லோயரிடம் போனேன். கேட்டவை:
- அண்ணாவின், என் பிறப்புச் சான்றிதழ்கள்
- பெரியம்மாவின் கலியாணப் பதிவு
- அண்ணாவின் சத்தியக் கடதாசி

"எங்கட ஆக்கள் கனபேர் உந்தப் பிழை விடுறவை, தங்கச்சி," என்றார். அதில் எனக்கென்ன ஆறுதல்?
வெங்காயம் வாங்க மறந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
பூசை முடிந்து பஸ்ஸில் ரூஜ் பகுதிக்கு, அண்ணா வீட்டுக்கு. கடதாசியை இரண்டு தரம் வாசித்தார். 'இவர் என் சகோதரி இல்லை.'
"உப்பிடியே எழுத வேணுமோ?"
"ஓம் அண்ணா."
கையெழுத்து வைத்தார். அண்ணி தேத்தண்ணி தந்தா. அப்பா இல்லாத என் கலியாணத்தில், என் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போனவர் அண்ணா.

ஜூன் 18, புதன்
நல்ல வெயில். நிராகரித்துவிட்டார்கள். விளக்கம் திருப்தி இல்லையாம். தவறான தகவலாம். ஐந்து வருடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. வேலை பேர்மிட் செப்டெம்பரில் முடிகிறது. கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் நிச்சயமில்லை என்கிறார் லோயர்.

அண்ணாவுக்கு போன் எடுத்தேன்.
"தங்கச்சி இல்லையெண்டு எழுதிக் குடுத்தும் நம்பேல்லையோ?"
அழுதார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை. நானும் வேலையிடத்து லொக்கர் அறையில் நின்று அழுதேன்.

ஜூன் 19, வியாழன்
லீவு. உடுப்புத் தோய்த்தேன். காலை மன்னாருக்கு வீடியோ கோல். இவர் வெளியே. மகள்தான் எடுத்தாள். ஒன்பது வயது.
"அம்மா, நான் அங்க வரேக்க எத்தினையாம் வகுப்புப் படிப்பன்?"
மனதுக்குள் எண்ணினேன். ஒன்பதும் ஐந்தும் பதினான்கு.
"சொல்லுங்கோவன் அம்மா!"
"லைன் கிளியரில்லை பிள்ளை," என்று வைத்துவிட்டேன்.
கிளியராகத்தான் இருந்தது. அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மாம்பழ நார்கூடத் தெரிந்தது.