பலகைச் சுவரில் நீ மறைத்த கோடு

“வாத்தியாரே, ஒரு பிள்ளைக்குக் கையெழுத்துத் திருந்த எம்புட்டு நாளாகும்?” என்று நீ ஒருநாள் கேட்டாய். இன்று எதிர்வீட்டில் சுவருக்குப் பட்டி மாவு பூசுகிறார்கள். அந்த ஈர வாசனையோடு உன் கேள்வியும் வந்துவிட்டது.

அப்போது உனக்கு நாற்பத்தைந்து வயது. வில்லாபுரத்தில் பாதி வீடுகளுக்கு வெள்ளையடித்தவன் நீ. திருநகரில் ஒரு துணிக்கடைக்குள் செங்கல் இல்லாமல் ஜிப்சம் பலகையில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். பலகைகள் சேரும் கோடு தெரியாதபடி பட்டி பார்ப்பது உன் வேலை. சிமென்ட் சுவர் என்ற நினைப்பில் நீ முதலில் தண்ணீரை வாரித் தெளித்தாய். பலகையின் மேல்காகிதம் அப்பளமாக உப்பிவிட்டது.

“ஒரு வாரம் பாக்குறேண்ணே. சரியா வரலைன்னா மெட்ராஸ் ஆளுகளக் கூப்புட்டுருவேன்” என்றார் இன்ஜினியர்.

“இனிமே எல்லாக் கடையும் இந்தப் பலகைதான். இத விட்டா என்னைய எவன் கூப்புடுவான்?” என்று என்னிடம் வந்து நின்றாய். அப்போதுதான் அந்தக் கேள்வி.

என் வகுப்பில் ஒரு சிறுமி, கோணலாக எழுதிய தாளையெல்லாம் கிழித்துவிடுவாள். கிழிக்கவிடாமல் எல்லாத் தாளையும் நோட்டாகத் தைத்துக் கொடுத்தேன். பழைய பக்கங்களைப் புரட்டி, எந்த வளைவில் கை வழுக்குகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அதைத்தான் உனக்குச் சொன்னேன்.

மறுநாள் பலகை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் கட்டி, என் வீட்டுக் கொல்லைக்கே கொண்டுவந்துவிட்டாய். தினமும் இரண்டு துண்டைச் சேர்த்து, சேரும் கோட்டின் மேல் காகித நாடா ஒட்டிப் பட்டி பூசி, பின்புறம் எண் எழுதினாய். முதலாவது, ஒரே பூச்சில் கனமாக அப்பியதால் வெடித்தது. மூன்றாவதை உப்புத்தாளால் தேய்த்து நாடாவையே கிழித்தாய்.

“என்ன மாப்ள, நாய் பிறாண்டுன மாதிரி இருக்கு?”

“போ வாத்தியாரே, நீ சாக்பீஸத் தவிர எதப் புடிச்சிருக்க?”

ஐந்து நாள் செய்த ஐந்தையும் வரிசையாகச் சாத்திவைத்துப் பார்த்த மாலையில் உனக்குப் பிடிபட்டது. முதலில் நாலு விரல் அகலம், மெல்லிசாக. காய்ந்ததும் ஒரு சாண். அது காய்ந்ததும் இன்னும் அகலமாக. நாடாவின் மேடு இருந்த இடமே தெரியாமல் பரந்துவிட்டது.

ஏழாம் நாள், மேடு இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும் என்று, நீ பூசி முடித்த கடைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தார் இன்ஜினியர்.

“ஜாயிண்ட் எங்கண்ணே?”

“நீங்களே தேடுங்க சார்” என்றாய்.

அதற்குப் பிறகும் நீ விடவில்லை. புதிய வேலை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் சுவரைத் தொட்டாய். நீ இறந்த பிறகு உன் மனைவியிடம் கேட்டு, நீ வீட்டில் எடுத்துவைத்திருந்த அந்த வெடித்த முதல் துண்டை வாங்கி வந்தேன். என் புத்தக அலமாரியில் இருக்கிறது. புதிதாக எதையாவது பழகி, வரவில்லையே என்று சோர்ந்து வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் காட்டுகிறேன். இதைப் படிக்கிறவருக்கும் சொல்வது ஒன்றுதான்: முதல் நாள் செய்ததை எறியாமல் வைத்திருந்து, ஏழாம் நாள் செய்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.